எலுமிச்சையும் கத்தரிக்காயும்: அக்ரிலிக் ஓவியம் பழகுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அக்ரிலிக் பெயின்ட்டில் அடிப்படையாக மூன்று பொருள்கள் இருக்கின்றன: நிறமிப் பொடி, அதைப் பிடித்து வைக்கும் அக்ரிலிக் பிசின், தண்ணீர். பிசின் மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஆவியானதும் அந்தத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடும். அந்தப் படலம் மறுபடி தண்ணீரில் கரையாது. வாட்டர்கலர் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கிளம்பும். ஆயில் பெயின்ட் காய நாள்கணக்கில் ஆகும். அக்ரிலிக்கோ மெல்லிய பூச்சாக இருந்தால் பத்து, இருபது நிமிடத்திலேயே தொட்டால் ஒட்டாது. தண்ணீரில் கலக்கும் இந்த வகை ஓவியர்களுக்கென்று அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் வந்தது 1955-இல்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேகத்தோடு மல்லுக்கட்டுவதால் வருபவை. பூசியதையே ஈரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்துத் திருத்தப் பார்த்தால் அக்ரிலிக் ஒத்துழைக்காது. ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு என்று அடுக்கடுக்காகப் போனால், சீக்கிரம் காய்வதே உங்களுக்குக் கைகொடுக்கும். தப்பாகப் போனது அரை மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அடுக்கு முறையில்தான் போகிறது. சில பயிற்சிகளை முடித்துவிட்டு, கடைசியில் ஒரு கத்தரிக்காயையும் எலுமிச்சையையும் வரைவோம்.

என்னென்ன வாங்க வேண்டும்

இருபத்து நான்கு நிறம் கொண்ட பெட்டி வேண்டாம். ஐந்து டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரின் புளூ, பர்ன்ட் அம்பர். வெள்ளை மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகத் தீரும், அதை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் ஏறக்குறைய சம அளவில் கலந்தால் ஆழமான கறுப்பு கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, பழுப்பைக் கூட்டினால் சூடான கறுப்பு. டியூப் கறுப்பு இப்படி இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்காது.

சிவப்பில் ஏன் குறிப்பாக கிரிம்சன்? அது நீலப்பக்கம் சாய்ந்த சிவப்பு, அல்ட்ராமரினோடு சேர்ந்தால் சுத்தமான கத்தரிப்பூ நிறம் வரும். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த ஸ்கார்லெட், வெர்மிலியன் போன்றவற்றை நீலத்தில் கலந்தால் மங்கிய பழுப்புதான் வரும், ஏனென்றால் அந்தச் சிவப்புக்குள் ஏற்கெனவே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நிறக்கலவையில் நடக்கும் பாதி விபத்துக்குக் காரணம் இதுதான்.

கைவினைக்கும் துணிக்கும் என்று சின்ன பாட்டில்களில் வரும் அக்ரிலிக் வேறு வகை. நீர்த்தன்மை அதிகம், நிறமி பெரும்பாலும் குறைவு. ஓவியத்துக்கென்று டியூபில் வரும் மாணவர் தரமே தொடக்கத்துக்குப் போதும். டியூபின் பின்புறம் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும். அல்ட்ராமரினில் பி.பி.29 என்றும், டைட்டானியம் ஒயிட்டில் பி.டபிள்யூ.6 என்றும் பார்க்கலாம். ஒரே ஒரு குறியீடு உள்ள டியூப் கலக்கும்போது தெளிவாக இருக்கும். மூன்று நான்கு குறியீடு உள்ளதை இன்னொன்றோடு கலந்தால் சேறாகும் வாய்ப்பு அதிகம்.

பிரஷ் நான்கு: ஒரு அங்குல ஃபிளாட் (தட்டை முனை), 8-ஆம் எண் ஃபிளாட், 4-ஆம் எண் ரவுண்ட் (கூர் முனை), 1-ஆம் எண் ரவுண்ட். எல்லாமே சிந்தெட்டிக் முடியாக இருக்கட்டும். அணில் முடி போன்ற மென்மையான வாட்டர்கலர் பிரஷ் அக்ரிலிக்கின் கனத்தைத் தாங்காது, சீக்கிரம் பாழாகும்.

பயிற்சிக்கு 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வாட்டர்கலர் பேப்பர், ஏ4 அளவு. அதைவிட மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் ஒரு பலகையில் ஒட்டிவிடுங்கள். முதல் ஓவியத்துக்கு 8×10 அங்குல கேன்வாஸ் போர்டு. கடையில் வருவதில் பெரும்பாலும் ஜெஸ்ஸோ (பெயின்ட் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சு) பூசியிருக்கும், ஆனாலும் மேலே ஒரு பூச்சு கொடுத்தால் பெயின்ட் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஜெஸ்ஸோவில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு அங்குல பிரஷ்ஷால் குறுக்காகப் பூசி, காய்ந்ததும் 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அடுத்த பூச்சை நெடுக்காகப் பூசுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு இரவு காய விட்டுவிட்டு வரையலாம். செலவைக் குறைக்க சுவர் பிரைமரைப் பூசுபவர்கள் உண்டு. பயிற்சிக்குப் பரவாயில்லை, வைத்திருக்க நினைக்கும் ஓவியத்துக்கு வேண்டாம்.

இவற்றோடு இரண்டு கண்ணாடிக் குவளை (ஒன்று கழுவ, ஒன்று சுத்தமான தண்ணீருக்கு), பழைய பருத்தித் துணி, மெல்லிய சாரலாகத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், ஒரு பேலட் கத்தி (பேலட் என்பது நிறம் கலக்கும் தட்டு).

பேலட் காயாமல் இருக்க

நம் ஊர் வெயிலில், சீலிங் ஃபேனுக்கு அடியில், பீங்கான் தட்டில் பிதுக்கிய பெயின்ட் கால் மணி நேரத்தில் தோல் கட்டிவிடும். இதற்கு வீட்டிலேயே ஈரப் பேலட் செய்யலாம். மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிச்சன் டிஷ்யூவை நான்கு மடிப்பாக அடியில் பரப்பி, முழுதும் நனையும் வரை தண்ணீர் ஊற்றி, டப்பாவைச் சாய்த்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். அதன்மேல் பேக்கிங்குக்குப் பயன்படும் பட்டர் பேப்பரைக் காற்றுக்குமிழி இல்லாமல் பரப்பினால் பேலட் தயார். அடியிலிருக்கும் ஈரம் தாள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, பெயின்ட்டைக் காயாமல் வைத்திருக்கும். மெழுகு பூசிய தாளும் அலுமினியத் தாளும் ஈரத்தை விடாது, அதனால் பயன்படாது. மேலே தண்ணீர் தேங்கினால் பெயின்ட் நீர்த்து ஓடும், அப்போது துணியால் ஒற்றி எடுங்கள். மூடி வைத்தால் சில நாள் கெடாது. நாற்றம் வந்தால் டிஷ்யூவை மாற்றிவிடுங்கள்.

வரையும்போது ஃபேனை அணையுங்கள், அல்லது காற்று நேராக மேஜைமேல் விழாதபடி நகர்ந்து உட்காருங்கள். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ்: மேல்தோல் காய்ந்தும் அடியில் ஈரம் இருக்கும். அப்போது பூச்சுகளுக்கு இடையே இருமடங்கு நேரம் விடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு செ.மீ. நீளம் மட்டும் பிதுக்குங்கள். டியூபிலிருந்து வந்தபடியே பூசினால் பிரஷ்ஷின் தடம் தெரியும், கெட்டியாக மூடும். சில துளி தண்ணீர் விட்டு தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தால் சீராகப் பரவும். பெரும்பாலான வேலை இந்தப் பதத்தில்தான். இன்னும் தண்ணீர் சேர்த்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய சாயமாகும். பேப்பரிலும் முதல் பூச்சிலும் இது நல்லது, ஆனால் காய்ந்த பெயின்ட்டின் வழவழப்பான பரப்பின்மேல் வெறும் தண்ணீரால் மிகவும் நீர்த்ததைப் பூசினால் ஒட்டாது. பிசின் துகள்கள் விலகிப்போய், படலமாகச் சேர முடியாமல், காய்ந்தபின் ஈரத்துணியால் துடைத்தாலே நிறம் வந்துவிடும். மேல் அடுக்குகளை மெல்லியதாக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் குளோஸ் மீடியம் அல்லது கிளேசிங் மீடியம் சேருங்கள். அதுவும் பிசின்தான், நிறமி மட்டும் இல்லை.

பிரஷ்ஷைக் கழுவியதும் துணியில் ஒற்றாமல் பெயின்ட்டில் தோய்க்காதீர்கள். முடியைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டைக்குள் தேங்கிய தண்ணீர், கோடு இழுக்கும்போது பாதியில் இறங்கி ஓவியத்தில் திட்டாக விழும்.

ஓவியத்துக்கு முன் நான்கு பயிற்சி

முதலாவது ஒளி அளவுக் கட்டங்கள். பேப்பரில் 3 செ.மீ. சதுரமாக ஏழு கட்டம் வரிசையாக வரையுங்கள். முதல் கட்டத்தில் வெள்ளை, ஏழாவதில் நீங்கள் கலந்த கறுப்பு, இடையில் ஐந்து சாம்பல்கள். வெள்ளையில் கறுப்பைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். கறுப்பில் வெள்ளையைச் சேர்க்கப் போனால் அரை டியூப் காலியாகியும் வெளிறாது. ஈரத்தில் சரியாகத் தெரிந்த கட்டம் காய்ந்ததும் ஒரு படி இருண்டிருக்கும். ஈரமான பிசின் பால்போல் வெண்மை, காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிவு, அந்த வெண்மை போனதும் நிறம் அடர்கிறது. ஆகவே எந்த நிறத்தையும் வேண்டியதைவிட லேசாக வெளிறலாகக் கலக்கப் பழகுங்கள். காய்ந்த கட்டங்களைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துக் கட்டங்கள் ஒன்றாகத் தெரிந்தால் அந்த இடத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

இந்த ஒரு பயிற்சியை அவசரப்படாமல் செய்யுங்கள். பழம் உருண்டையாகத் தெரிவது நிறத்தால் அல்ல, வெளிச்சமும் இருளும் சரியான அளவில் இருப்பதால்தான். எலுமிச்சையை நீலத்தில் வரைந்தாலும் ஒளி அளவு சரியாக இருந்தால் அது உருண்டையாகத்தான் தெரியும்.

இரண்டாவது, நிறக்கலவை. மஞ்சளிலிருந்து நீலத்துக்கு ஐந்து படி, மஞ்சளிலிருந்து கிரிம்சனுக்கு ஐந்து, கிரிம்சனிலிருந்து நீலத்துக்கு ஐந்து. மஞ்சளில் தொடங்கி அடர்ந்த நிறத்தைத் துளியாகச் சேருங்கள், நீலத்தின் வலு அதிகம். ஒவ்வொன்றின் அடியிலும் அளவை எழுதி வையுங்கள். இந்தத் தாள்தான் பிறகு உங்கள் கையேடு. இந்த மஞ்சளும் அல்ட்ராமரினும் தரும் பச்சை கொஞ்சம் மங்கலாக இருக்கும். குறையாக நினைக்க வேண்டாம், வெளியே பார்க்கும் இலைகளில் பெரும்பாலானவை அந்த மங்கல் பச்சைதான்.

மூன்றாவது, இரண்டு நிறம் ஒன்றோடொன்று கரையும் பூச்சு. 10 செ.மீ. அகலப் பட்டையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு முனையில் நீலம், மறுமுனையில் வெள்ளை பூசி, நடுவில் சந்திக்க விடுங்கள். பிறகு ஒற்றி எடுத்த ஈரமான ஒரு அங்குல பிரஷ்ஷால், அழுத்தாமல், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது. பிரஷ் இழுபடுவது கையில் தெரிந்த நொடியே நிறுத்த வேண்டும். அதன்பிறகு தேய்த்தால் பாதி காய்ந்த தோல் பிய்ந்து, அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். முழுக்கக் காய விட்டு, அதே பூச்சை இரண்டாம் முறை கொடுத்தால் முதல் முறையின் திட்டுகள் மறைந்துவிடும்.

நான்காவது உலர் பிரஷ். கொஞ்சமே பெயின்ட் எடுத்து, துணியில் துடைத்து, மிச்சத்தைப் பேப்பரின் சொரசொரப்பின்மேல் லேசாக உரசுங்கள். மரப்பட்டைக்கும் பழைய சுவருக்கும் இதுதான் வழி.

முதல் ஓவியம்

கத்தரிக்காயையும் எலுமிச்சையையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் நிறங்கள், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டுமே துலங்கும். ஒன்று மிக வெளிச்சம், மற்றது மிக இருட்டு, ஆகவே உங்கள் ஏழு கட்டமும் பயன்படும். வரிக்கத்தரி வேண்டாம், பளபளக்கும் முழு ஊதாக் காயாகப் பாருங்கள்.

வெளிர் நிறத் துணிமேல் கத்தரிக்காயைச் சாய்வாகப் படுக்க வையுங்கள். எலுமிச்சை அதற்கு முன்னால், கொஞ்சம் வலப்புறம். இரண்டும் ஒரு இடத்தில் ஒன்றை ஒன்று மறைக்கட்டும். இடப்பக்கம் ஒரே ஒரு மேஜை விளக்கு. மேலே டியூப்லைட் எரிந்தால் நிழல் இரண்டாகப் பிரிந்து குழப்பும், அணைத்துவிடுங்கள்.

1. வெள்ளைப் பரப்பில் நேராகத் தொடங்காதீர்கள், அதில் எந்த நிறமும் அளவுக்கு மீறி இருட்டாகத் தெரியும். பர்ன்ட் அம்பரில் தண்ணீரும் கொஞ்சம் வெள்ளையும் சேர்த்து, ஒளி அளவுப் பயிற்சியின் மூன்றாவது கட்டத்தின் அளவுக்கு ஒரு இளம்பழுப்பைக் கலந்து போர்டு முழுவதும் பூசுங்கள். இருபது நிமிடம் காயட்டும்.

2. நீர்த்த பர்ன்ட் அம்பராலேயே 4-ஆம் எண் ரவுண்ட் பிரஷ்ஷால் வெளிக்கோடு போடுங்கள். காய்கள் இரண்டும் சேர்ந்து படத்தின் பாதி அகலத்துக்குமேல் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் ரொம்பச் சின்னதாக வரைந்துவிடுகிறார்கள். தப்பான கோட்டை ஈரத்துணியால் உடனே துடைக்கலாம்.

3. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். கத்தரிக்காயின் வலப்பக்கம், எலுமிச்சையின் அடிப்பக்கம், துணியில் விழும் நிழல்: எல்லாவற்றையும் ஒரே பழுப்பால் நிரப்புங்கள். இந்தக் கட்டத்திலேயே காய்கள் உருண்டையாகத் தெரியத் தொடங்கும். தெரியவில்லையென்றால் இங்கேயே திருத்துங்கள்.

4. பின்னணியையும் துணியையும் ஒரு அங்குல பிரஷ்ஷால் முதலில் முடியுங்கள். வெள்ளையில் துளி அம்பரும் துளி நீலமும் கலந்த சாம்பல் போதும். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1967-இல் அக்ரிலிக்கில் வரைந்த ‘ஏ பிக்கர் ஸ்பிளாஷ்’ ஓவியத்தில் வானமும் கட்டடமும் உருளையால் தட்டையாகப் பூசியவை. தெறிக்கும் தண்ணீரைத்தான் அவர் சின்ன பிரஷ்களால் ஏறக்குறைய இரண்டு வாரம் வரைந்தார். பெரிய பரப்புக்குப் பெரிய கருவி, நுணுக்கம் கடைசியில்.

5. கத்தரிக்காய்க்கு அல்ட்ராமரின் இரண்டு பங்கு, கிரிம்சன் ஒரு பங்கு. நிழல்பக்கத்தில் கொஞ்சம் அம்பர் சேர்த்து ஏறக்குறைய கறுப்பாக்குங்கள், வெளிச்சப்பக்கத்தில் கிரிம்சனையும் துளி வெள்ளையையும் கூட்டுங்கள். பிரஷ்ஷைக் காயின் நீளவாட்டில் இழுக்காமல் வளைவைச் சுற்றி இழுத்தால் உருண்டை கூடும். அடி விளிம்பை உற்றுப் பாருங்கள்: கடைசி ஓரம் முழு இருட்டாக இருக்காது. துணியிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் மெல்லிய சாம்பல் ஊதாப் பட்டையாக அங்கே ஓடும். எலுமிச்சைக்குப் பக்கத்தில் அதில் மஞ்சளும் கொஞ்சம் ஏறியிருக்கும். இந்தப் பட்டையை விட்டால் காய் தட்டையாகிவிடும்.

6. எலுமிச்சைக்கு மஞ்சளை நேராகப் பூசினால் ஏமாற்றம்தான். லெமன் யெல்லோ பழுப்பை மூடாது, அழுக்குப் பச்சையாகத் தெரியும். வெளிச்சம் படும் பகுதியில் முதலில் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து கெட்டியாகப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் மஞ்சளைக் கொடுங்கள், உள்ளிருந்து ஒளிர்வதுபோல் வரும். நடுப்பகுதிக்கு மஞ்சளில் துளி கிரிம்சன். நிழலுக்கு மஞ்சளில் கொஞ்சம் அம்பரும், பேலட்டில் மிஞ்சிய ஊதாவில் ஒரு துளியும். நீலம் தூக்கலான கறுப்பைக் கலந்தால் மஞ்சள் பாசிப்பச்சையாக மாறிவிடும். பழத்தின் இரண்டு முனையிலும் இருக்கும் குமிழை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் எலுமிச்சை பந்தாகிவிடும்.

7. காம்பும் அதன் தொப்பியும்: மஞ்சள், நீலம், துளி அம்பர். தொப்பியின் நுனிகள் காயின்மேல் சின்ன நிழல் போடும், 1-ஆம் எண் பிரஷ்ஷால் அதைக் கொடுங்கள்.

8. விழும் நிழல் காய் துணியைத் தொடும் இடத்தில்தான் மிக இருட்டு, விளிம்பும் அங்கே கூர்மை. தள்ளிப் போகப் போக வெளிறி மங்கும். எல்லாம் காய்ந்தபின் ஒரு பங்கு அல்ட்ராமரினுக்குப் பத்துப் பங்கு மீடியம் கலந்து நிழல்மேல் ஒரே இழுப்பாகப் பூசினால் ஆழம் கூடும். இந்தக் கிளேசிங் அக்ரிலிக்கின் தனி பலம், சீக்கிரம் காய்வதால் ஒரே மாலையில் நான்கைந்து பூச்சு கொடுக்கலாம்.

9. கடைசியாகப் பளபளப்பு. கத்தரிக்காய்மேல் விளக்கு பிரதிபலிக்கும் இடத்தில் வெள்ளையைக் கெட்டியாக எடுத்து ஒரே தொடுகையாக வையுங்கள். எலுமிச்சையின் பளபளப்பில் துளி மஞ்சள் சேரட்டும், அதன் தோல் சொரசொரப்பு, ஒளி சிறு புள்ளிகளாகச் சிதறும். வைத்ததைத் தடவாதீர்கள்.

எங்கே கெடுகிறது

நிறம் சேறாவதற்குப் பெரும்பாலும் கழுவும் தண்ணீர் அழுக்கானதுதான் காரணம், மாற்றத் தயங்காதீர்கள். அடுத்த காரணம், மூன்று நான்கு நிறத்தை ஒன்றாகக் குழைப்பது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்போ சாம்பலோதான் வரும். பூச்சு கோடுகோடாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அக்ரிலிக்கில் பல நிறங்களுக்கு இரண்டு பூச்சு தேவை. மிகத் தடித்த பூச்சை வெயிலிலோ ஹேர் டிரையர் சூட்டிலோ அவசரமாகக் காய வைத்தால் மேல்தோல் இறுகி, அடி சுருங்கும்போது வெடிக்கும். உரிந்து வந்தால் அடிப்பரப்பில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கும். காய்ந்த ஆயில் பெயின்ட்டின்மேல் அக்ரிலிக் ஒருபோதும் கூடாது.

முடித்த பிறகு

பிரஷ்ஷைக் குவளையில் தலைகீழாக ஊற விட்டுவிட்டுப் போனால் நுனி வளைந்து அப்படியே நின்றுவிடும். முதலில் துணியில் துடைத்து, குளியல் சோப்பில் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிக் கழுவி, நுனியை விரலால் கூராக்கி, கிடையாகக் காய வையுங்கள். உலோகப் பட்டைக்குள் பெயின்ட் இறுகினால் முடி விரியும், பிறகு கூராகாது. காய்ந்துபோன பிரஷ்ஷை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்தால் படலம் இளகும், முழுதாக மீளும் என்று சொல்ல முடியாது. கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு இரவு தெளிய விட்டு, அடியில் படிந்ததைத் துணியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். குழாய்க்குள் படிந்து இறுகினால் அது பிளாஸ்டிக்தான். பெயின்ட் பட்ட தட்டைச் சாப்பாட்டுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

வார்னிஷ் பயிற்சித் தாளுக்குத் தேவையில்லை. சுவரில் மாட்டப்போகும் ஓவியத்துக்குப் பூசலாம், மெல்லிய பூச்சானால் ஒரு வாரம் காய விட்ட பின். கெட்டியாக அப்பியிருந்தால் இன்னும் பல வாரம். மழை பெய்யும் நாளில் பூசினால் ஈரப்பதத்தால் பால்போல் மங்கும் ஆபத்து உண்டு. அகன்ற மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் மெல்லியதாகப் பூசி, இரண்டாவது பூச்சைக் குறுக்காகக் கொடுங்கள்.

அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும் தன்மையுள்ளது. சித்திரை வெயிலில் பீரோவுக்குள் ஓவியங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், செய்தித்தாளை இடையில் வைத்தால் மை ஏறும். பேலட்டுக்கு வாங்கிய அதே பட்டர் பேப்பரை ஒவ்வொன்றுக்கும் இடையே வைத்து, கனம் ஏற்றாமல், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.